நிலைத்திருப்பதே மேன்மையோ?

ஒரு செயல் நிலைத்து நிற்பதனால் மேன்மை அடைகின்றதா? அன்றி, அது செய்யப்பெற்ற பொழுதிலேயே அதன் மேன்மை நிறைவெய்தி விடுகின்றதா? இவ்வினா கற்றோர் பொழுதுபோக்கிற்காக எழுப்பும் வினா அன்று. உற்றார் ஒருவரை அடக்கம் செய்து வீடு திரும்பும் வழியில், வாய்விட்டோ மனத்துள்ளோ நம்மில் ஒவ்வொருவரும் கேட்டுக்கொள்ளும் வினாவே ஆகும்.

சில ஆண்டுகட்கு முன், கோலார் தங்கவயலில் மூத்த உபாசகர் ஒருவரின் நினைவுக் கூட்டத்தில் நாம் கலந்துகொண்டோம். அவர் சுரங்கத் தொழிலாளி. ஷிப்டு முடிந்து மேலேறி வந்தபின், தம் லைன் வீட்டுத் திண்ணையில் அரிக்கன் விளக்கை ஏற்றிவைத்து, ஆண்டுக்கணக்கில் இராப்பள்ளி நடத்தியவர். எழுத்தறியாத ஆடவரும் பெண்டிரும் அவரிடம் எழுத்துக் கற்றனர். 2001ஆம் ஆண்டில் சுரங்கங்கள் மூடப்பட்டன. கற்றவர்கள் பிழைப்பை நாடிப் பல ஊர்களுக்கும் சிதறினர். அவர் போற்றி வைத்திருந்த வருகைப் பதிவேடுகளைக் கறையான் தின்றது. பள்ளியின் புகைப்படம் ஒன்றுகூட இல்லை.

கூட்டம் முடிந்ததும் அவருடைய பேரன் நம்மிடம் வந்தார். அப்பள்ளியை மீண்டும் தொடங்குமாறு அன்பர்கள் அவரைக் கேட்டுக்கொண்டிருந்தனர். “ஐயா, தாத்தா செய்ததில் இன்று எது மிஞ்சியிருக்கிறது? அதைச் சொல்லுங்கள், பிறகு என் மாலை வேளைகளை இதற்குத் தருவதா வேண்டாவா என்று யோசிக்கிறேன்” என்றார். அவர் குரலில் ஏளனம் இல்லை, துயரமே இருந்தது. நல்வினை வீண்போகாது என்று நாம் விடையிறுத்தோம். அவ்விடை அவருக்குப் போதவில்லை என்பதை அவர் முகம் காட்டிற்று. உண்மையைச் சொல்வதானால், நமக்கும் அது போதவில்லை.

பின்னர் ஒருமுறை, இன்று கொல்கத்தா என வழங்கும் கல்கத்தா மாநகருக்கு நாம் செல்ல நேர்ந்தது. கல்லூரிச் சதுக்கத்தில் 1920இல் திறக்கப்பெற்ற தர்மராஜிக விகாரையை வணங்கிவிட்டு, சௌரங்கியிலுள்ள இந்திய அருங்காட்சியகத்திற்குச் சென்றோம். 1814இல் நிறுவப்பட்ட பழம்பெரும் நிலையம் அது. அங்குள்ள தொல்லுயிர்ப் படிவங்களின் இடையே நின்றபொழுதுதான் அவ்விளைஞரின் வினா மீண்டும் நம்மைப் பற்றிக்கொண்டது. அதுபற்றி நாம் சிந்தித்தவற்றை அன்பர்கள் முன் வைக்கின்றோம்.

கல்கத்தாவின் பெயரில் மட்டுமே கல் உண்டு. நிலத்தில் கல் இல்லை. கங்கையின் கிளையாறு கொணர்ந்து கொட்டிய வண்டலின்மேல் அந்நகரம் அமர்ந்திருக்கின்றது. 1835 முதல் 1840 வரை வில்லியம் கோட்டையில் ஆழ்துளை ஒன்றை இட்டனர். 481 அடி சென்றும் அடிப்பாறை தென்படவில்லை. மணலும் களிமண்ணும் சரளையுமே வந்தன. இடையிடையே மக்கிய மரங்களின் கரிமண் படுகை தோன்றிற்று. அதாவது, முன்னொரு காலத்தில் மரம் வளர்ந்து நின்ற தரை, தாழ்ந்து தாழ்ந்து அத்துணை ஆழத்திற்குப் போய்விட்டது.

அவ்வண்டலுக்கும் கீழே, பல ஆயிரம் அடி ஆழத்தில், பழங்கடல் ஒன்றின் அடித்தளம் கிடக்கின்றது. நிலவியலார் அதனைச் சில்ஹெட் சுண்ணாம்புக்கல் என்பர். மேகாலயத்தின் காசி, ஜயந்தியா மலைகளின் தென்சரிவில் இக்கல் வெளிப்பட்டு நிற்கின்றது. சிரபுஞ்சிப் பக்கத்துக் குகைகள் பல இக்கல்லைக் குடைந்தே அமைந்தவை. அங்கிருந்து தெற்கே அது வங்கச் சமவெளியின் அடியில் இறங்கி மறைகின்றது. எண்ணெய் தேடி இட்ட துளைகளாலும், நிலத்தினுள் அதிர்வைச் செலுத்தி அதன் எதிரொலியைக் கேட்கும் முறையாலும் அது பரவிய எல்லையை அறிந்துள்ளனர். அக்கடலின் ஆழமற்ற மேடை முடிந்து ஆழ்கடல் தொடங்கிய விளிம்பு, கல்கத்தாவை ஒட்டி வடகிழக்காக மைமன்சிங் நோக்கிச் செல்கின்றது.

இக்கல்லின் பெரும்பகுதி இயோசீன் என்னும் காலத்தில் உருவாயிற்று. ஏறத்தாழ 5 கோடியே 60 இலட்சம் ஆண்டுகட்கு முன் தொடங்கி, 3 கோடியே 40 இலட்சம் ஆண்டுகட்கு முன் முடிந்த காலம் அது. இந்திய நிலப்பகுதி ஆசியாவுடன் மோதத் தொடங்கியிருந்த காலம். இன்று நாம் காணும் உயரத்திற்கு இமயம் எழவில்லை. எனவே இமயத்தைத் தேய்த்துச் சேறாகக் கொணரும் பேராறுகளும் இல்லை. சேறு கலவாத தெளிந்த, வெதுவெதுப்பான, ஆழமற்ற கடல் இங்கே அலைவீசிற்று. அதில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகள் வீழ்ந்து வீழ்ந்து அடுக்காகிக் கல்லாயின.

அவ்வுயிர்களுள் முதன்மையானது நம்மியூலைட் எனப்படுவது. சிறுகாசு எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்த பெயர் இது. வட்டமாய், நடுவில் தடித்து, விளிம்பில் மெலிந்து, பார்ப்பதற்குக் காசு போலவே இருக்கும். குறுக்கே அறுத்துப் பார்த்தால், சுருள் சுருளாய்ச் சென்று சிறு சிறு அறைகளாகப் பிரிந்த வீடு தெரியும். இவ்வளவும் ஓரணு உயிர் ஒன்றின் வேலை. கண் இல்லை, வாய் இல்லை, நரம்பு இல்லை. ஆயினும் அது கடல்நீரில் கரைந்திருந்த சுண்ணாம்பைப் பிரித்தெடுத்து, அறைமேல் அறையாகக் கட்டிச் சென்றது. பருப்பளவில் நின்றவையும் உண்டு. பெரிய நாணயத்தின் அளவை விஞ்சியவையும் உண்டு.

எகிப்து நாட்டுக் கீசாப் பிரமிடுகளும் இவ்வினத்து ஓடுகள் நிறைந்த கல்லால் ஆனவையே. ஏறக்குறைய 2000 ஆண்டுகட்கு முன் அங்குச் சென்ற கிரேக்க அறிஞர் ஸ்ட்ராபோ, உதிர்ந்து கிடந்த இப்பருப்பு வடிவக் கற்களைக் கண்டார். பிரமிடு கட்டிய தொழிலாளர் உண்டு மிஞ்சிய பருப்பே இவ்வாறு கல்லாயிற்று என்று அவ்வூரார் பேசிக்கொண்டதை எழுதிவைத்தார். அரசனுக்குப் பிரமிடு மிஞ்சியது. தொழிலாளிக்கு அவன் எச்சில் பருப்பாவது மிஞ்சட்டும் என மக்கள் எண்ணினர் போலும். அந்தோ! அதுவும் அவனுடையதன்று.

கல்கத்தாவின் கட்டடங்களுக்கும் இப்பழங்கடலுக்கும் வேறோர் உறவு உண்டு. கல் இல்லாத அந்நகரைச் செங்கல்லால் கட்டினர். செங்கல்லை இணைக்கச் சுண்ணாம்பு வேண்டும். அச்சுண்ணாம்பில் பெரும்பங்கு சில்ஹெட்டிலிருந்தே வந்தது. காசி மலையடிவாரத்தில் கல்லை உடைத்துப் படகில் ஏற்றி, சூர்மா ஆற்றங்கரைக் காளவாய்களில் சுட்டு, ஆற்று வழியே கல்கத்தாவுக்குக் கொண்டு சென்றனர். நம் ஊர்ப் பக்கத்தில் கிளிஞ்சலைச் சுட்டு நீற்றிக் காரை அரைத்ததை அன்பர்கள் அறிவர். அங்கே சுட்டவையும் கடலின் ஓடுகளே. ஆனால் அவை கோடிக்கணக்கான ஆண்டுகட்கு முற்பட்டவை. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வாணிகத்தில் பெருஞ்செல்வம் ஈட்டியவர்களுள், கும்பெனியின் அதிகாரியாகச் சில்ஹெட்டில் இருந்த இராபர்ட் லிண்ட்சே ஒருவர். அவர் தம் வாழ்க்கைக் குறிப்பை எழுதிவைத்தார். ஆதலால் அவரை நாம் அறிகின்றோம். கல்லை உடைத்தவனையும், காளவாயில் வெந்தவனையும், சுமை ஏற்றிய பெண்ணையும் நாம் அறியோம்.

இவற்றையெல்லாம் கண்ட அளவில், அவ்விளைஞருக்கு எளியதொரு விடை கிடைத்துவிட்டதாக நாம் முதலில் மகிழ்ந்தோம். “பெயரற்ற நுண்ணுயிர்கள் கட்டிய சிறு அறைகள் சேர்ந்து மலையாயின, அம்மலையே மாநகரமாயிற்று. அவ்வாறே பெயரற்ற நல்லோரின் சிறு செயல்கள் சேர்ந்து உலகைத் தாங்குகின்றன” என்று சொல்லிவிடலாம் அன்றோ? மேடையில் பேசினால் கைதட்டல் கிடைக்கும். ஆயினும், சற்றே ஆழ்ந்து நோக்கின் இவ்விடை நில்லாது. அதற்குக் காரணங்கள் இரண்டு.

முதலாவது, அந்நுண்ணுயிர் எதனையும் எண்ணிச் செய்யவில்லை. பகவான் புத்தர் வினை என்று கொண்டது எண்ணத்தையே என்பது நம் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்தது. எண்ணமற்ற இடத்தில் நல்வினையும் இல்லை, தீவினையும் இல்லை. ஓடு கட்டியது ஒரு நிகழ்ச்சி. எழுத்துக் கற்பித்தது ஓர் அறம். அவ்விரண்டையும் ஒன்றாக்கினால், இயற்கைக்கு இல்லாத புகழைத் தந்து, மனிதருக்கு உரிய புகழைப் பறித்தவர் ஆவோம்.

இரண்டாவது, எது மிஞ்சுகின்றது என்பதைத் தீர்மானிப்பது மேன்மை அன்று. அந்த இயோசீன் கடலில் ஓடுள்ள உயிர்கள் மட்டுமா வாழ்ந்தன? மெல்லுடல் மட்டுமே உடைய எண்ணற்ற உயிர்களும் உடன் வாழ்ந்திருக்க வேண்டும். அவற்றின் சுவடு பெரும்பாலும் இல்லை. ஓடுள்ளவற்றிலும் எத்தனையோ நொறுங்கிப் பொடியாயின, எத்தனையோ கரைந்தன. வன்மையான ஓடும், விரைவில் வந்து மூடிய படிவும், பின்வந்த காலமெல்லாம் கலையாத இடமும் எவற்றுக்கு வாய்த்தனவோ அவை மிஞ்சின. தகுதி பார்த்துக் கடல் எதையும் காக்கவில்லை.

மனிதர் வரலாறும் இத்தகையதே. கல்லும் செம்பும் மையும் ஓய்வும் எவருக்கு வாய்த்தனவோ அவர் பெயர் மிஞ்சிற்று. எழுத்து மறுக்கப்பட்டவரின் பெயர் எவ்வாறு எழுத்தில் மிஞ்சும்? ஆதலின் சுவடு இன்மையைக் கொண்டு ஒருவர் மதிப்பற்றவர் என்று தீர்ப்பது, மெல்லுடல் உயிர்கள் அக்கடலில் வாழவே இல்லை என்று தீர்ப்பதை ஒக்கும். சுவடு இருப்பதைக் கொண்டு ஒருவரை உயர்ந்தவர் என்று தீர்ப்பதும் அத்தகைய பிழையே.

இங்கே நம்மவர்க்கும் ஒரு சொல் உரைக்க வேண்டியுள்ளது. பழமையே பெருமை என்னும் எண்ணம் நம்மிடமும் இல்லாமல் இல்லை. நம் முன்னோரைப் பற்றிய பொய்யுரைகளை மறுக்க வரலாற்றை ஆராய்வது கடமை, அதில் ஐயமில்லை. ஆனால், “நாம் மூத்தவர், ஆதலின் உயர்ந்தவர்” என்று வாதிடுவோமாயின், பிறப்பால் உயர்வு கற்பித்தவர் கையிலிருந்த அளவுகோலையே நாமும் ஏந்தியவர் ஆவோம். பழமைதான் மேன்மை என்றால், நம் அரியலூர்ப் பக்கத்துக் கல்லில் உறையும் கடற்கிளிஞ்சல் நம் எல்லோரினும் மேலானது. அது இயோசீனுக்கும் முந்திய கிரிட்டேசியஸ் காலத்தது. அதனினும் மேலானது கோலாரின் பொன் விளைந்த பாறை. அதன் அகவை ஏறத்தாழ 270 கோடி ஆண்டுகள். அப்பழமையைத்தான் நம் மக்கள் தலைமுறை தலைமுறையாகத் துளைத்தனர். அதன் தூளைத்தான் சுவாசித்தனர். அதனாலேயே பலர் நெஞ்சு வறண்டு மடிந்தனர். பழமை எவருக்கும் கருணை காட்டுவதில்லை. கருணை காட்டுவது இன்று வாழும் மனிதனே.

அருங்காட்சியகத்தின் மற்றொரு கூடத்தில் பாரூத் தூபியின் கல்வேலி நிற்கின்றது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த அதனை 1873இல் கன்னிங்ஹாம் கண்டறிந்தார். அதன் தூண்களிலும் குறுக்குக் கற்களிலும் கொடையாளர் பெயர்கள் செதுக்கப்பட்டுள்ளன. பிக்குகள் உண்டு, பிக்குணிகள் உண்டு, இல்லறத்தாரும் உண்டு. முதல் தூணை ஈந்தவள் விதிசை நகரத்தவள்; ரேவதிமித்திரன் என்பவனின் மனைவி சாபாதேவி. ஈராயிரம் ஆண்டுகட்குப் பின்னும் அப்பெண்ணின் பெயரை நாம் சொல்கின்றோம். ஆனால், அத்தூணைச் செதுக்கியவனின் இல்லத்தில் அன்று அடுப்பெரித்தவளின் பெயர் யாருக்குத் தெரியும்?

இன்னும் கேளுங்கள். கன்னிங்ஹாம் அங்குச் சென்றபொழுது தூபியின் பெரும்பகுதி இல்லை. சுற்றுப்புறத்து மக்கள் அதன் செங்கல்லையும் கல்லையும் பெயர்த்துத் தம் வீடுகளைக் கட்டிக்கொண்டனர். இடிபாட்டு மேட்டின்கீழ் புதைந்து கிடந்த பகுதியே பெரிதும் தப்பிற்று. கடலில் ஓடுகளைக் காத்தது எதுவோ, அதுவே இங்கே கொடையாளர் பெயரையும் காத்தது: மேலே விழுந்து மூடிய மண். அங்ஙனமாயின், பெயர்க்கப்பட்ட கற்களை ஈந்தவர்களின் தானம் அழிந்துவிட்டதா? சாபாதேவியின் தானம் மட்டும் தானமாக எஞ்சியதா? அவ்வாறு கூற எவரும் துணியார். தானம் நிறைவெய்தியது கல் நட்ட நாளில்கூட அன்று. “இது எனதன்று” என்று மனம் பற்றை விட்ட அந்த நொடியில். அதன்பின் கல் நின்றாலும் வீழ்ந்தாலும் அந்நொடிக்குக் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை.

“அவ்வாறாயின், சுவடு இல்லாத செயலுக்கும் செய்யாத செயலுக்கும் வேறுபாடு யாது? இரண்டும் இறுதியில் ஒன்றுமில்லாமல் ஒழிவனதாமே” என்று ஒருவர் தடை எழுப்பலாம். வேறுபாடு உண்டு, அது இறுதியில் இல்லை, இடையில் உள்ளது. பசித்த குழந்தைக்கு நேற்று ஒரு கவளம் சோறிட்டோம். இன்று அதற்கு மீண்டும் பசிக்கின்றது. நேற்றைய சோற்றின் சுவடு இல்லை. ஆயினும் நேற்றிரவு அக்குழந்தை அழாமல் உறங்கிற்று. அதனை அழாமல் உறங்கிய இரவு அன்று என்று ஆக்க எக்காலத்தாலும் ஆகாது. நேராத துன்பம் சுவடு விடுவதில்லை. ஆதலினாலேயே நல்வினையின் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரிவதில்லை. யாவும் நிலையற்றன என்பது நம் அறத்தின் அடிப்படை. அது, யாவும் மதிப்பற்றன என்பதாகாது. நிலையாதது என்பதனாலன்றோ துன்பமும் தீர்க்கத்தக்கதாயிற்று!

“எனின், பழைய ஏடுகளைத் தேடித் தொகுப்பதும், மறைந்தோர் பெயரை எழுதிவைப்பதும் வீண்தானோ?” என்று மற்றொருவர் கேட்கலாம். அன்று. அவை வேண்டும். ஆனால் காரணம் வேறு. மறைந்தோர்க்கு மதிப்பு உண்டாக்க அவற்றை நாம் செய்வதில்லை. அவர் மதிப்பு நம் ஏட்டை எதிர்நோக்கி நிற்கவில்லை. உடைத்தவன் பெயரை விடுத்து விற்றவன் பெயரை மட்டும் சொல்லும் வரலாறு பொய்யானது. பொய்யை நீக்குதல் உயிரோடிருக்கும் நம் கடமை. ஆதலின் கறையான் அரிப்பதற்கு முன் நம் பெரியோரின் ஏடுகளைக் காப்போமாக. காக்கும்பொழுதே, அவ்வேடும் ஒருநாள் அழியும் என்பதையும் அறிந்திருப்போமாக.

இனி அவ்விளைஞரின் வினாவுக்கு வருவோம். அந்நினைவுக் கூட்டத்தில் கடைசி வரிசையில் மூதாட்டி ஒருவர் அமர்ந்திருந்தார். வருகைப் புத்தகம் அவரிடம் வந்தபொழுது, கைநாட்டு வைக்கட்டும் என்று ஒருவர் மைப்பெட்டியை நீட்டினார். அம்மையார் அதனை விலக்கிவிட்டுப் பேனாவை வாங்கி, ஒவ்வோர் எழுத்தாகத் தம் பெயரை எழுதினார். இராப்பள்ளியில் கற்றவர். அன்று அதனைக் கண்டும் நாம் பொருளுணரவில்லை.

அக்கையெழுத்தை, மிஞ்சிய சான்று என்று நாம் காட்டவில்லை. அப்புத்தகத்தையும் கறையான் தின்னும். அம்மையாரும் ஒருநாள் மறைவார். நாம் சுட்டுவது வேறு. எழுத்தறிந்த நாள்முதல் அவர் பேருந்தின் பலகையைப் பிறரைக் கேளாமல் படித்தார். கடைக்காரன் எழுதிய கணக்கைத் தாமே சரிபார்த்தார். வெளியூரிலிருந்து மகன் எழுதிய கடிதத்தை அண்டை வீட்டாரிடம் நீட்டாமல், கதவைச் சாத்திக்கொண்டு தனியே படித்து, தனியே அழுதார். அந்நாட்கள் கழிந்தன. அவற்றை எக்கல்லும் பதிந்து வைக்கவில்லை. ஆனால் அந்நாட்களில் அவர் தலைகுனியவில்லை. அதனைச் செய்தது ஓர் அரிக்கன் விளக்கும், வேலை முடிந்து வந்து களைத்த ஒரு மனிதரும்.

இதனையே அவ்விளைஞருக்குக் கடிதமாக எழுதினோம். “தம்பி, உம் தாத்தா செய்ததில் காட்டத்தக்கதாக ஒன்றும் மிஞ்சவில்லை என்று நீர் சொன்னது மெய்யே, அதனை மறைத்து உமக்கு ஆறுதல் கூறியது எம் பிழை. ஆனால் மிஞ்சுவதற்காக அவர் அதனைச் செய்யவில்லை. உம் தெருவில் இன்று படிக்கத் தெரியாமல் கடிதத்தை ஏந்தி நிற்பவர் எவரேனும் உண்டோ என்று பாரும். உண்டெனில், உம் மாலை வேளையைப் பற்றிய வினாவை அவரிடம் கேளும்” என்று எழுதினோம்.

பள்ளியைத் தொடங்குவதும் தொடங்காமல் விடுவதும் அவர் உரிமை. நம் கடமை நம்முன் நிற்கின்றது. கல்கத்தாவின் அடியில் அப்பழங்கடலின் காசுகள் இன்னும் பல கோடி ஆண்டுகள் கிடக்கக்கூடும். அவற்றைக் கொண்டு ஒரு நாழிகைப் பசியையும் ஆற்ற இயலாது. நம் வாழ்நாளோ சிறிது. அதனைக் கொண்டு ஆற்றக்கூடிய துன்பம் அருகிலேயே இருக்கின்றது. அதனை நாடிச் செல்வோமாக.